அம்மா சாயந்திரம் வருவாங்க

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனவள் தானும் சேர்ந்துகொண்டு வீடு திரும்பினாள். இதில் அலங்காரம் சேர்க்க ஒன்றும் இல்லை, நடந்தது அவ்வளவுதான். மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு வயது வரம்பு கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்ததை வரிசையில் நின்றபடியே படித்தாள். மகளுக்கு ஒரு விண்ணப்பம் வாங்கிய கையோடு இன்னொன்றும் வாங்கினாள். விஷயம் தெரிந்தபோது மகள் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

“உனக்கு வேற காலேஜே கிடைக்கலையாம்மா?”

“இதுதான் வீட்டுக்குப் பக்கம்.”

“சரி, வேற படிப்பு?”

“எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.”

அது பொய்யில்லை. பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் பார்த்த வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மகள் பிறந்ததிலிருந்து அவள் வளர்ந்து முடிக்கும் வரை, முகம் தெரியாத கூட்டத்திடம் பேசிப் பேசித் தொண்டையைத் தேய்த்தாள். அத்தனை வருஷத்தில் ஒரு பயணியாவது நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டியது கிடையாது. பிறகு ஒரு மெஷின் வந்து அந்த வேலையையும் பார்த்துக்கொண்டது. இனிமேல் பேசினால், முகத்தைப் பார்த்துக் கேட்கிற ஆட்களிடம்தான் பேசுவது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள், வாயைப் பிளந்துகொண்டு.

மகள் கடைசியில் நிபந்தனைகளோடு இறங்கி வந்தாள். வகுப்பில் நீ யாரோ, நான் யாரோ. வாய் தவறிக்கூட என்னைப் பாப்பா என்று கூப்பிடக் கூடாது. எல்லார் எதிரிலும் சாப்பாட்டு டப்பாவை நீட்டி ‘சாப்பிட்டியா’ என்று கேட்கவே கூடாது. சாயந்திரம் ஒரே பேருந்தில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாய்க்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் இருவருக்கும் ஒரே மூக்கு. கொஞ்சம் அகலமாக, நுனியில் ஒரு சின்னப் பள்ளத்தோடு, அச்சில் வார்த்தது போல. முதல் வாரமே வகுப்பு முழுக்கத் தெரிந்துபோயிற்று. தெரியாதது போல நடிப்பது மட்டும் எல்லாருக்கும் பழகிவிட்டது. தாய்க்கு ‘அறிவிப்பு அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். மகளை எதிரில் வைத்துக்கொண்டே, “அறிவிப்பு அக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்காமே, எப்படி இருப்பா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். மகள் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ச்சி பண்ணுவாள்.

இந்தப் படிப்பில் மாதிரி வகுப்பு என்று ஒரு சித்திரவதை உண்டு. ஒருத்தி டீச்சர், மற்றவர்கள் எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகள். எருமை எருமையாக வளர்ந்தவர்கள் முட்டி தாடையில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார வேண்டும். யார் எந்தப் பிள்ளை என்பதைத் தகர டப்பாவில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அழும் பிள்ளை, கடிக்கும் பிள்ளை, பேசாத பிள்ளை, ‘ஒண்ணுக்கு வருது’ பிள்ளை. நடிப்புக்கும் மார்க் உண்டு என்பதால் எல்லாரும் வெறியோடு நடிப்பார்கள். நடுவில் யாராவது பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் வகுப்பு அங்கேயே ரத்து, டீச்சராக நிற்பவளுக்குப் பூஜ்யம். நியாயமா என்று கேட்டால், நிஜப் பிள்ளை பாதியில் பெரியவள் ஆகிவிடுமா என்று பதில் வரும்.

பதில் சொல்பவர் கண்மட்டம் மேடம். பாடம் எடுக்கும் பேராசிரியை. “குழந்தையோட கண்மட்டத்துக்கு இறங்குங்க” என்பதை அவர் மூச்சு விடுவதை விட அதிகமாகச் சொல்வதால் அந்தப் பெயர்.

அறிவிப்பு அக்கா ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். முதல் முறை எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, பழக்கதோஷத்தில், “குழந்தைகளின் கனிவான கவனத்திற்கு!” என்று ஆரம்பித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கெக்கேபிக்கே என்று பெயர் வாங்கிய ஒரு பெண் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்ததில் வகுப்பு ரத்து. இரண்டாம் முறை குரலைப் பஞ்சு மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அழும் பிள்ளை அடங்காமல் அழுதபோது மட்டும், “அழுதா ஊசி போடுற மாமா வந்துருவாரு” என்று வாயில் வந்துவிட்டது. பயமுறுத்தல். கண்மட்டம் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பூஜ்யம்.

மூன்றாவது முறைக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அதிலும் தோற்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி வீடு, மறுபடி சுவரோடு பேச்சு. அதனால் பாடப் புத்தகத்தை விழுந்து விழுந்து படித்தாள். அசல் புத்தகம் மகளிடம். இவளிடம் இருந்தது நகல். நகல் எடுக்கும்போது, அட்டையில் என்ன பாடமா இருக்கிறது என்று அட்டையை விட்டுவிட்டாள். உள்ளே இருந்ததைப் பேருந்து நேரம் மாதிரி ஒப்பிப்பாள். பேசாத பிள்ளையைக் கேள்வி கேட்டுக் குடையாதே, கைக்கு வேலை கொடு. தொடுமுன் கேள். கடிபட்ட பிள்ளையை முதலில் பார், கடித்ததைப் பிறகு பார். நடக்கப்போகாததை நடக்கும் என்று பிள்ளையிடம் சொல்லாதே.

அந்த நாள் வந்தது. காலையில் சீட்டுக் குலுக்கினார்கள். கெக்கேபிக்கேவுக்குக் கடிக்கும் பிள்ளை. மகளுக்கு அழும் பிள்ளை. பேசாத பிள்ளைக்கு ஆள் குறைந்தது. வர வேண்டியவள் காய்ச்சலில் கிடந்தாள்.

“ஜூனியர் வகுப்புல இருந்து ஒருத்தங்களை அனுப்பச் சொல்லியிருக்கேன், நடுவுல வந்து உட்காருவாங்க” என்றார் கண்மட்டம் மேடம். “எக்ஸாமினரும் நடுவுலதான் வருவாங்க. ரொம்பப் பெரிய ஆளு. வகுப்பு முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு நடத்துங்க. யார் வந்தாலும் நிறுத்தக் கூடாது, புரியுதா?”

பேராசிரியை தேர்வு அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் கதவோரம் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு, பூங்கொத்தோடு முன் கேட்டுக்குப் போனார். பெரிய ஆள் காரில் வருவார் என்று அவர் கணக்கு.

பெரிய ஆள் பேருந்தில் வந்து, பின் கேட் வழியாக நுழைந்து, வழியெல்லாம் கேட்டுக் கேட்டு, வகுப்பு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டார். குள்ளமான பெண்மணி, நரைத்த கிராப்பு, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப் பை. வெள்ளைத் துணி விரித்த நாற்காலியை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே போய், காலியாக இருந்த ஒரே குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளையின் உயரத்தில் உட்கார்ந்துதான் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதியவரே அவர்தான்.

‘அப்பாடா, ஜூனியர் வந்தாச்சு’ என்று நினைத்தாள் அறிவிப்பு அக்கா. வயது அவளுக்கு உறுத்தவில்லை. தானே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு படிக்கிறவள். ஜூனியர் வகுப்பில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் சேர்ந்திருப்பதாகவும் கேள்வி.

மகளுக்கு மட்டும் அந்த முகம் தெரிந்தது. அசல் புத்தகத்தின் பின் அட்டையில் அந்த முகம் தினமும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அறிவிப்பு அக்கா புது வரவின் எதிரில் மண்டியிட்டாள். முட்டி சடக்கென்று சத்தம் போட்டது.

“வாங்க செல்லம். உங்க பேர் என்ன?”

தேர்வாளர் பேசவில்லை. விதி அப்படி.

‘நடிப்புன்னா இதுல்ல நடிப்பு’ என்று மெச்சிக்கொண்டாள் அக்கா. “பரவாயில்ல, பேசத் தோணும்போது பேசலாம். இந்தப் பையை மாட்டி வெப்போமா?” கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை பேனாவையும் மார்க் தாளையும் வெளியே எடுத்திருந்தது. “அச்சச்சோ, இது கூரா இருக்கு, கண்ணுல குத்திரும். டீச்சர் பத்திரமா வெக்கிறேன், என்ன?” பேனாவும் தாளும் அலமாரியின் உச்சித் தட்டுக்குப் போயின. பதிலுக்கு ஒரு வெள்ளைத் தாளும், தடியான ஊதா மெழுகுக் கலரும், ஒரு உருண்டை களிமண்ணும் வந்தன.

தேர்வாளர் ஊதாக் கலரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு களிமண்ணைக் கையில் எடுத்தார்.

இதைப் பார்த்த மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்திரத்தை விட்டு எழுந்து உண்மையைச் சொன்னால் வகுப்பு ரத்து, அம்மாவுக்குப் பூஜ்யம். சொல்லாவிட்டால் அம்மா இன்னும் என்னென்ன செய்வாளோ. அழும் பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்டது அழுகையும் மூன்று வயதுப் பேச்சும் மட்டுமே. அவள் தொண்டையைத் திறந்தாள்.

“அம்மா! அம்மாஆ!”

அக்கா திரும்பிப் பார்த்தாள். மகள் புதியவரை நோக்கி விரலை நீட்டி, கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, உடம்பெல்லாம் சைகையாகக் கத்திக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. ‘என்னமா பண்றா! முழு மார்க் வாங்கிருவா.’

“அம்மா வேணும்னு இருக்கு, இல்ல?” என்றாள், புத்தகத்தில் உள்ளபடி. “இருக்கலாம், தப்பே இல்ல. அம்மா சாயந்திரம் வருவாங்க. இப்ப டீச்சர் இருக்கேன்.”

“எனக்கு அம்மாதான் வேணும்! இப்பவே வேணும்! அம்மா, இங்க பாரு!”

“சாயந்திரம் வருவாங்க கண்ணு.”

“அந்த ஆன்ட்டி பெரியவங்க!”

“ஆமா, நீங்க எல்லாருமே பெரிய பிள்ளைங்கதான்.”

பாவம் அந்தப் பெண். இத்தனை மாதமாக வகுப்பில் தாயாக இருக்காதே என்று தாயைத் தடுத்து வைத்திருந்தாள். இன்று தொண்டை கிழிய அம்மா என்று கூப்பிட்டாலும் தாய் வருவதாக இல்லை. ஒப்பந்தத்தை அம்மா இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றுவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

சரியாக இந்த நேரம் பார்த்துக் கெக்கேபிக்கேவுக்குத் தன் மார்க் ஞாபகம் வந்தது. இதுவரை அவள் யாரையும் கடிக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு ஜூனியர், கையைக் களிமண்ணில் விட்டுக்கொண்டு, வாகாக. ஜூனியர்தானே என்ற இளக்காரத்தில் நன்றாக வாயைத் திறந்து முன்கையில் பல்லைப் பதித்தாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா பாய்ந்து வந்தாள். கடிபட்டதை முதலில் பார். தேர்வாளரின் கையைப் பார்த்தால், பல் வரிசை அச்சடித்தது போல் பதிந்திருந்தது. “கையைப் பார்க்கலாமா? தொடட்டுமா?” என்று கேட்டு, ஈரத் துணியை அதன்மேல் வைத்தாள். “வலிச்சுதா, தங்கம்?”

தேர்வாளரின் உதடு துடித்தது. எத்தனையோ வருஷங்களாக எத்தனையோ வகுப்புகளில் வாயைத் திறக்காதவர்.

“வலிச்சுது” என்றார்.

“பேசிட்டாங்க!” என்று வகுப்பே கை தட்டியது. பேசாத பிள்ளையைப் பேச வைப்பது லேசுப்பட்ட காரியமா? அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “வலிச்சுதுன்னு சொன்னீங்க பாருங்க, ரொம்ப நல்லது” என்றாள். பிறகு கெக்கேபிக்கே பக்கம் திரும்பி, “பல்லு ஆப்பிளுக்கு, கைக்கு இல்ல” என்று கண்மட்டத்தில் சொன்னாள்.

அப்போதுதான் அழுகைச் சத்தம் நின்றுபோயிருப்பது அவளுக்கு உறைத்தது. மகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி, அந்தச் சின்னப் பள்ளம் வரைக்கும் சிவந்திருந்தது.

மற்றவர்களுக்கு இது நல்ல நடிப்பு. பெற்றவளுக்குத் தெரியும், மூக்கு சிவந்தால் நிஜம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அக்காவுக்குப் பரீட்சை, பூஜ்யம், பெயரை எடுப்பது எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. அப்படியே வாரி அணைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது. ஆனாலும் அருகில் போய் மண்டியிட்டுக் கேட்டாள். “டீச்சர் மடியில உட்கார்றியா?”

வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தாள். மகள் தலையாட்டினாள். தாயை விட அரை அடி உயரமான பெண், அத்தனை பேர் எதிரில், கைகால் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடங்கி, தாயின் மடியில் உட்கார்ந்து, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கழுத்தோடு சேர்த்து முணுமுணுத்தாள்.

“அம்மா, அவங்கதான் எக்ஸாமினர்.”

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். தேர்வாளரைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை களிமண். கையில் பல் தடம், அதன்மேல் ஈரத் துணி. காதிடுக்கில் ஊதாக் கலர். பேனா உச்சித் தட்டில். இதையெல்லாம் செய்தது யார்? நான்தான், வேறு யார்.

எழுந்து காலில் விழலாம். விழுந்தால் வகுப்பு ரத்து. அதோடு எழுந்திருக்கவும் வழியில்லை, மடியில் கனமாக ஒரு பிள்ளை இருக்கிறது, இறங்குகிற உத்தேசமும் அதற்கு இல்லை. அவளுக்குக் கண்ணாடிக் கூண்டு ஞாபகம் வந்தது. தப்பான நடைமேடையைச் சொல்லிவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது, முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். நிறுத்தினால் எல்லாருமே குழம்பிப்போவார்கள்.

“சரி, பிள்ளைங்களா” என்றாள். குரல் பஞ்சாகத்தான் வந்தது. “எல்லாரும் கை கழுவலாமா? களிமண் செஞ்ச பிள்ளை முதல்ல.”

தேர்வாளர் எழுந்து, வரிசையில் முதலாவதாகப் போய், கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்காவே துடைத்துவிட்டாள். விடைபெறும் பாட்டையும் பாடினார்கள். எல்லாம் முடிந்து மணி அடித்தபோது கதவு திறந்தது. முன் கேட்டில் நின்று நின்று வாடிப்போன பூங்கொத்தோடும், அப்போதுதான் வந்துசேர்ந்த நிஜ ஜூனியரோடும் கண்மட்டம் மேடம். உள்ளே பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

“மேடம், நான்… நீங்கன்னு தெரியாம…” என்று அக்கா எழுந்தாள்.

தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். “முதல்ல இந்தப் பாப்பாவோட பேனாவை எடுத்துக் கொடுங்க. எனக்கு எட்டாது.”

கெக்கேபிக்கே மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

“மார்க் போட்டாச்சு” என்றார் தேர்வாளர், ஊதாக் கிறுக்கலாக இருந்த வெள்ளைத் தாளைத் தட்டி. “ஆனா பாஸ், ஃபெயில் இன்னும் எழுதல. அழுத பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க? அம்மா சாயந்திரம் வருவாங்கன்னு சொன்னீங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. நடக்காததைப் பிள்ளைகிட்ட சொன்னா ஃபெயில். எழுதி வெச்சது நான்தான், நானே எப்படி மாத்துறது?” தாய் மூக்கையும் மகள் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “சாயந்திரம் கேட்ல இருப்பேன். அம்மா வர்றாங்களான்னு பார்த்துட்டு எழுதறேன்.”

மகள் தலை நிமிரவில்லை.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அக்கா மகளைத் தனியாகப் பிடித்தாள். “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போற மாதிரி உன் பஸ்ல போ. ஃபெயில்னா ஃபெயில், என் தலையெழுத்து. உனக்கு சங்கடம்னா அந்த பாஸே எனக்கு வேண்டாம்.”

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழிவறையில் போய் அழுதாள் என்பது வேறு விஷயம்.

சாயந்திரம் கேட் பக்கம் திருவிழாக் கூட்டம். இரண்டு வகுப்பும் நின்றது. கண்மட்டம் மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். மதில் கட்டையில் தேர்வாளர், முன்கையில் கட்டோடு. அக்கா நடந்து வந்தாள். கூட்டத்தில் மகளைத் தேடினாள். காணோம். சரி, போய்விட்டாள். நான்தானே போகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள், நெஞ்சு கேட்கவில்லை.

கூட்டம் விலகியது. கேட்டுக்கு நடுவில், வகுப்பிலிருந்து தூக்கி வந்த குட்டி நாற்காலியில், முட்டி தாடையில் இடிக்க, பையை மடியில் அணைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கூட்டிப்போக ஆள் வராத பிள்ளை மாதிரியே.

“பிள்ளையை யார்கிட்ட வேணா அனுப்ப முடியாது” என்றார் தேர்வாளர். “நீங்க யாரு?”

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பேருந்து நிலையத்தையே ஆட்டி வைத்த குரல் எங்கே போய் ஒளிந்ததோ. என்ன சொல்லட்டும் என்பது போல மகளைப் பார்த்தாள்.

“எங்க அம்மா!” என்றாள் மகள்.

மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. மூக்கு மட்டும்தான் அம்மாவுடையது என்று இதுவரை நினைத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தக் குரலும் அங்கிருந்து வந்ததுதான் என்று. எதிர்ப்பக்கம் பேருந்துக்கு நின்ற ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேர்வாளர் காதிலிருந்து ஊதாக் கலரை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க அக்காவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் ஊதாவாகக் கலங்கித் தெரிந்தது. கண்மட்டம் மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, பூங்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்.

மகள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“டப்பாவை எடும்மா, பசிக்குது. காலையிலிருந்து கத்திக் கத்தி உசுரே போச்சு.”

“இங்கேயா?” அக்கா சுற்றிலும் பார்த்தாள். “எல்லாரும் பார்க்கிறாங்களே.”

“பார்த்தா பார்க்கட்டும்.”

அக்கா பையைத் துழாவி டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, கீழே மண்டியிட்டு நீட்டினாள். முட்டி மறுபடி சடக்கென்றது. மகள் அள்ளி அள்ளி வாயில் போட்டாள்.

“மெதுவா சாப்பிடு, பாப்பா.”

மகள் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது.